முதல் டம்ளரை நீட்டியவர்

தமிழ்ப் புனைகதையில் குடிகாரர்களுக்குப் பஞ்சம் கிடையாது. சம்பளத்தன்று வீடு வந்து சேராத அப்பா, திண்ணையில் கிடந்து ஊரையே திட்டும் தாத்தா, காதல் தோற்றுத் தாடி வளர்க்கும் அண்ணன், உலகம் தன்னைப் புரிந்துகொள்ளவில்லை என்று புலம்பும் கவிஞர். எல்லோரும் நமக்கு நன்றாகப் பழகியவர்கள். அவர்கள் வாயைத் திறந்தால் மீதி வசனத்தை நாமே சொல்லிவிடுவோம். இந்தக் கதைகளில் ஓரமாக ஒரு பையனும் வந்துபோவான். "டேய், ஓடிப்போய் ஒரு சோடாவும் மிக்சரும் வாங்கியா" என்று அனுப்பப்படுகிறவன். வாங்கிவந்து வைப்பான். மீதிச் சில்லறை அவனுக்கு. அதோடு கதை அவனை விட்டுவிடும்.

நான் பேச நினைப்பது அந்தப் பையனைப் பற்றி. பதினாலு, பதினஞ்சு வயதில் அவனே குடிக்கவோ இழுக்கவோ ஆரம்பிக்கிறான் என்றால் நம் கதைகள் அதை எப்படி எழுதுகின்றன? என் வாசிப்பில் பெரும்பாலும் இரண்டே வழிதான். ஒன்று, அப்பாவின் பாவம் பிள்ளை தலையில் இறங்கும். இன்னொன்று, பையன் கெட்டுப்போய்விடுவான். அடுத்த பத்தியிலேயே பைக் புளியமரத்தில் மோதும், இல்லையென்றால் கையில் கத்தி இருக்கும். முதல் மடக்குக்கும் அந்தப் புளியமரத்துக்கும் நடுவே இரண்டு மூன்று வருஷம் இருக்குமே, அது எழுதப்படுவதே இல்லை.

கள்ளக்குறிச்சி சாவுகளுக்குப் பிறகு ஒரு சிறுகதைப் போட்டியில் முதல் சுற்று வாசகனாக இருந்தேன். எழுதியவர்கள் எல்லோரும் இருபத்தைந்து வயதுக்குள். 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தது எல்லோர் மனதிலும் பச்சையாக இருந்த நேரம். குடியைத் தொட்ட கதைகள் பத்துப் பன்னிரண்டு வந்தன. அநேகமாக எல்லாவற்றிலும் அப்பாதான் குடிக்கிறார், அம்மா அடி வாங்குகிறாள், பிள்ளை மூலையில் உட்கார்ந்து பார்க்கிறான். கடைசியில் அப்பா செத்துப்போகிறார். ஆணியில் தொங்கும் அவர் சட்டையைப் பிள்ளை முகர்ந்து பார்த்து அழுகிறான். (இந்தச் சட்டையை இனி யாராவது கொடியிலாவது மாற்றித் தொங்கவிட்டால் தேவலை.) பொய்யான கதைகள் என்று சொல்லமாட்டேன். எங்கள் பக்கம், பண்ருட்டியைச் சுற்றி, 2001-இல் இதேபோல ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களை விஷச் சாராயம் கொண்டுபோனது. ஆனால் அந்தக் கதைகள் எல்லாவற்றிலும் பிள்ளை சாட்சி மட்டும்தான். எழுதியவர்கள் தாங்களே இருபது வயதில் இருந்துகொண்டு, தங்கள் வயதுக்காரன் குடிப்பதை எழுதாமல் ஐம்பது வயதுக்காரர் குடிப்பதை எழுதுகிறார்கள். ஏன் என்று நாலு நாள் யோசித்தேன்.

ஒரே ஒரு கதை வேறு மாதிரி இருந்தது. சிதம்பரம் பக்கத்திலிருந்து ஒரு மாணவி எழுதியது. சாவு மேளம் அடிக்கும் குழுவில் பதினாலு வயதுப் பையன். அடக்கம் முடிந்து திரும்பும்போது குழுத் தலைவர் எல்லோருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுக்கிறார்: இருநூறு ரூபாய், ஒரு கட்டிங். சின்னப் பையன் என்று அவர் குறைத்துக் கொடுப்பதில்லை, அவருடைய நியாயம் அது. காசை அம்மாவிடம் கொடுத்துவிடலாம். கட்டிங்கை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. அதனால் அங்கேயே நின்று குடித்துவிட்டு, வாயில் கொய்யா இலையை மென்றுகொண்டு வீட்டுக்கு நடக்கிறான். அவ்வளவுதான் கதை. வாக்கியங்கள் தட்டுத்தடுமாறித்தான் இருந்தன, நடுவில் காலக் குழப்பம் வேறு. என்னோடு வாசித்தவர் "முடிவே இல்லையே சார்" என்றார். பரிசு கிடைக்கவில்லை. ஆனால் அந்த ஒரு கதையில்தான் பையனிடம் குடியை நீட்டிய கைக்கு ஓர் ஆள் இருந்தார். அவருக்கு ஒரு காரணமும் இருந்தது.

இதைச் சொன்னதும் நண்பர்கள் சினிமாவைக் காட்டுகிறார்கள். 'மாஸ்டர்' படத்தில் கொடுக்கிறவன் இருக்கிறானே என்று. 2021 பொங்கலுக்கு வந்த அந்தப் படத்தை நம் பையன்கள் எத்தனை தடவை பார்த்திருப்பார்கள் என்று கணக்கே இல்லை. சீர்திருத்தப் பள்ளியில் அடைபட்ட சிறுவர்களைப் போதையில் வைத்திருந்து தன் குற்றங்களை அவர்கள் தலையில் கட்டுகிறான் பவானி. தமிழில் இவ்வளவு பெரிய நட்சத்திரத்தை வைத்து இந்த விஷயத்தைத் தொட்டதே பெரிய காரியம்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் படத்தைக் கொஞ்சம் கவனமாகப் பாருங்கள். நாயகன் ஜேடியும் குடிகாரர். ஏன் குடிக்கிறீர்கள் என்று கேட்பவர்களுக்கெல்லாம் ஒவ்வொரு சினிமாக் கதையாக எடுத்துத் தன் கதை மாதிரி விடுகிறார். தியேட்டர் சிரிக்கிறது. இரண்டு சிறுவர்கள் உதவி தேடி அவரைக் கூப்பிடும்போது அவர் குடித்துக் கிடக்கிறார். அவர்கள் சாவுதான் அவரைத் திருப்புகிறது. பெரியவரின் குடிக்கு நகைச்சுவை, குற்றவுணர்வு, திருந்துதல் என்று ஒரு முழு வளைவு இருக்கிறது. பையன்களின் போதைக்கு? அது என்ன பொருள், எப்போது ஆரம்பித்தார்கள், எடுத்தால் என்ன ஆகிறது, எடுக்காவிட்டால் என்ன ஆகிறது, ஒன்றும் கிடையாது. பவானி பொல்லாதவன், அதனால் கொடுக்கிறான். 'கைதி', 'விக்ரம்' படங்களுக்கு வந்தால் பையனே இல்லை; போதை மூட்டையிலும் கன்டெய்னரிலும் வருகிறது. அவ்வளவு சரக்கும் எந்த வாய்க்குள் போகிறது என்று திரைக்கதை கேட்பதில்லை.

சட்டம் இந்த விஷயத்தில் நம் கதாசிரியர்களைவிடக் கொஞ்சம் முன்னால் நிற்கிறது என்பது வேடிக்கை. 2015-ஆம் வருடத்து இளைஞர் நீதிச் சட்டத்தின் 77-ஆவது பிரிவு, குழந்தைக்கு மதுவோ போதைப்பொருளோ புகையிலையோ கொடுப்பவருக்கு ஏழு ஆண்டுவரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதமும் என்கிறது. பதினெட்டுக்குக் கீழே எல்லோரும் இதில் குழந்தைதான். மருத்துவரின் உத்தரவு இருந்தால் மட்டும் விலக்கு. அந்தப் பிரிவு கொடுத்த கையைத்தான் தேடுகிறது, குடித்தவனைத் தேடவில்லை. அதே கையை நம் கதைகளில் தேடினால் கிடைப்பதில்லை.

இன்னொரு தகவல். மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வில், முகர்ந்து இழுக்கும் போதைகள், அதாவது பஞ்சர் ஒட்டும் பசை, ஒயிட்னர், தின்னர் வகையறா, பத்து முதல் பதினேழு வயதுள்ளவர்களிடம் 1.17 சதவீதம், பெரியவர்களிடம் 0.58 சதவீதம். பெரியவர்களைவிடச் சிறுவர்கள் அதிகம் எடுக்கும் போதை இது ஒன்றுதான் என்றும் அந்த ஆய்வு சொன்னது. தமிழில் சாராயத்துக்குப் பாட்டு இருக்கிறது, கள்ளுக்குப் பாட்டு இருக்கிறது, கஞ்சாவுக்குச் சித்தர் மரபு வரைக்கும் வேர் தேடிக் கொடுக்கிறார்கள். பஞ்சர் கடைப் பசைக்கு எனக்குத் தெரிந்து ஒரு வரிகூட இல்லை. அதில் கவித்துவமும் இல்லை, கலகமும் இல்லை. சின்னப் பையன்கள் மட்டும் எடுப்பது எப்படி இலக்கியமாகும்?

கடலூரில் உட்கார்ந்து இதை யோசித்தால் வரைபடமே ஒரு கதையாகத் தெரியும். மஞ்சக்குப்பத்திலிருந்து ஆல்பேட்டை செக்போஸ்ட், பெண்ணையாற்றுப் பாலம், தாண்டினால் கொஞ்ச தூரத்தில் முள்ளோடை. அங்கே புதுச்சேரி ஆரம்பித்துவிடுகிறது. இந்தப் பக்கம் இருபத்தொரு வயதுக்குக் கீழே மது விற்கக் கூடாது, அந்தப் பக்கம் பதினெட்டு. விலையும் வேறு. சைக்கிளை மிதித்தால் மூன்று வயது கூடிவிடும் என்று எங்கள் செட்டில் ஒரு ஜோக் உண்டு. இந்தச் சாலையைப் பற்றி ஊரில் ஏகப்பட்ட கதைகள் உலவுகின்றன. எல்லாம் சிரிப்புக் கதைகள்: இளநீர்க் கூடையில் பாட்டில் வந்தது, கல்யாண சீர்வரிசைத் தட்டில் வந்தது, போலீஸ்காரர் மோப்பம் பிடித்தது. சிரிப்பாக மட்டுமே சொல்லப்படும் ஒரு விஷயத்தில் எங்கோ ஒரு இடத்தில் யாரோ வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

கொடுக்கும் கைகளை எண்ணிப் பார்த்தால் அவற்றில் பவானிகள் குறைவு. தேவனாம்பட்டினத்தில் மாசிமகத் தீர்த்தவாரி முடிந்த ராத்திரி தம்பிக்கு ஒரு மூடி ஊற்றும் அண்ணன். கிரிக்கெட் டோர்னமென்ட் ஜெயித்த டீமுக்குப் பீர் வாங்கித் தரும் ஊர்ப் பெரிய மனிதர். பேனர் கட்ட, கொடி நட ராத்திரி வேலைக்கு வந்த பையன்களுக்கு பிரியாணியோடு சேர்த்துத் தருகிறவர். அண்ணாமலைநகர்ப் பக்கம் வாடகை அறைகளில், புதுசாக வந்த ஜூனியரை 'நம்ம பையன்' ஆக்கிக்கொள்ளும் சீனியர். எல்லாமே உபசாரம். ஒதுக்கி வைக்கப்படாமல் சேர்த்துக்கொள்ளப்பட்டதற்கான அடையாளம். அதனால்தான் எழுதுவது கஷ்டமாக இருக்கிறது என்று நினைக்கிறேன். வில்லனை எழுதிவிடலாம், மாமாவை எப்படி எழுதுவது?

சிதம்பரத்தில் கீழவீதிப் பக்கம் ஒரு மாடியில் ஞாயிறுதோறும் ஏழெட்டுப் பேர் கூடிப் புத்தகம் பேசுவோம். பெருமாள்முருகனின் 'நிழல் முற்றம்' பேசிய வாரங்களில், கல்லூரியில் படிக்கும் ஒருவர் தன் தம்பியையும் கூட்டிவந்தார். கடலூர் முதுநகரிலிருந்து வந்த பையன், பதினேழு வயது இருக்கும். பிளஸ் ஒன்னோடு நின்றவன், துறைமுகத்தில் விடியற்காலை ஐஸ் பெட்டி தூக்குகிறான். முதல் வாரம் வாயே திறக்கவில்லை. இரண்டாவது வாரம் நாங்கள் நாவலில் வரும் கஞ்சாவைப் பற்றி, விளிம்புநிலை, எதிர்ப்பு, உடலரசியல் என்று வரிசையாகப் பேசிக்கொண்டிருந்தபோது குறுக்கே சொன்னான்:

"அண்ணா, இவன் ஜாலிக்கு இழுக்கலணா. தூங்கறதுக்கு இழுக்கறான்."

எப்படிச் சொல்கிறாய் என்று கேட்டோம்.

"பொட்டி தூக்கிட்டு வந்து படுத்தா தூக்கம் வராதுணா. கை ரெண்டும் வேற யார்தோ மாரி கெடக்கும். எங்க எடத்துல பெரியவரு ஒருத்தரு இருக்காரு. 'போட்டுக்கோடா, நாளைக்கு வேலைக்கு வரணும்ல'ன்னு குடுப்பாரு."

அறையில் யாரும் பேசவில்லை. அவன் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாக, "நல்லவருதாணா அவரு" என்றான்.

என்ன கொடுத்தார் என்று அவனும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அடுத்த வாரமும் வந்தான். அதற்கடுத்து வரவில்லை. அண்ணனிடம் கேட்டால், "வேலைல இருக்கான்" என்பார்.

அவன் சொன்னதற்குப் பிறகு 'நிழல் முற்றம்' எனக்கு வேறு புத்தகமாகிவிட்டது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எழுதப்பட்ட சிறிய நாவல் அது. சிறு நகரத்துத் தியேட்டர் ஒன்றில் சோடா விற்கும் பையன்களின் உலகம். பெருமாள்முருகன் அந்த உலகத்தை வெளியிலிருந்து பார்த்தவர் அல்ல. அவர் அப்பா தியேட்டரில் சோடாக் கடை வைத்திருந்தவர், சிறுவயதில் அந்தக் கடையில் இருந்திருக்கிறார். நாவலில் சத்திவேலும் அவன் கூட்டாளிகளும் கஞ்சா இழுக்கிறார்கள். ஆசிரியர் அதற்குத் தனியாகப் பின்னணி இசை போடுவதில்லை. சோடா மூடி திறக்கிற மாதிரி, இடைவேளை மணி அடிக்கிற மாதிரி, அதுவும் ஒரு நாளின் பகுதி. அடுத்தவர்களுக்கான கேளிக்கை நடக்கும் இடத்தில் இவர்களுக்கு வேலை. எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு இவர்களுக்குப் போக இடம் இல்லை. வீடும் வேலையும் ஒரே சுவருக்குள் இருந்தால் ஒரு நாள் எங்கே முடிகிறது? அந்த நாளை முடித்துவைக்கும் வேலையைத்தான் அங்கே போதை செய்கிறது. முன்பு வாசித்தபோது அந்த நாவலின் துண்டு துண்டான நடையைச் சினிமாவின் பாதிப்பு என்று எடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது தூக்கம் கெட்டவனின் நாள் அப்படித்தான் உடைந்து உடைந்து இருக்கும் என்று தோன்றுகிறது.

குறை இல்லாத நாவல் என்றில்லை. அந்தப் பையன்களின் உலகம் அவ்வளவு இறுக்கமாக மூடியிருப்பதால், இது எங்கோ நடக்கும் கதை, நம் வீட்டுக்கு வராது என்று வாசகர் தப்பித்துக்கொள்ள முடிகிறது. சோடாவும் போய்விட்டது, தரை டிக்கெட் தியேட்டரும் போய்விட்டது. இரக்கத்தை அறவே தவிர்க்கும் அந்தக் குரல் சில இடங்களில் எனக்கு மூச்சு முட்டுகிறது. ஆனால் யாரும் திருந்தாத, யாரும் தண்டிக்கப்படாத ஒரு போதைக் கதையைப் பதின்வயதுப் பையனை நடுவில் வைத்து எழுதலாம் என்று முப்பது வருஷத்துக்கு முன்னால் அது காட்டிவிட்டது. அதற்குப் பின்னால் வந்தவர்கள் அந்தப் பாதையில் அதிகம் நடக்கவில்லை.

இந்த மண்ணிலேயே இன்னொரு முறையும் கிடைக்கிறது. இமையத்தின் 'செல்லாத பணம்'. போதையைப் பற்றிய நாவல் இல்லை. தீயில் வெந்த மகளை ஜிப்மரின் தீக்காயப் பிரிவில் வைத்துக்கொண்டு வெளியே காத்திருப்பவர்களின் நாவல். (கடலூர்க்காரர்கள் பாலம் தாண்டிப் புதுச்சேரிக்குப் போவது இரண்டு காரியத்துக்கு. ஒன்று முள்ளோடையிலேயே முடிந்துவிடும், இன்னொன்றுக்கு ஜிப்மர்வரை போகவேண்டும்.) அந்த நாவலில் எல்லோரும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். யாரால் இது நடந்தது என்ற கேள்வி ஒருவர் தலையிலிருந்து இன்னொருவர் தலைக்கு மாறிக்கொண்டே இருக்கிறது, எங்கும் இறங்கி உட்காருவதில்லை. நல்லவராகவும் பொறுப்பாளியாகவும் ஒரே ஆள் இருக்க முடியும் என்பதை இமையம் பேச்சை வைத்தே காட்டிவிடுகிறார். துறைமுகத்துப் பெரியவரை எழுத இந்த முறைதான் வேண்டும்.

இனி நம் வீட்டுக்குள் வருவோம். இணைய இதழ்களை வாசிக்கிற நாம், குடியைப் பற்றி ரகசியமாக ஒரு மரியாதை வைத்திருக்கிறோம். பாரதி புதுச்சேரியில் லாகிரி பழகியதை அவர் கதையில் ஒரு வண்ணமாகச் சொல்வோம். அதே பாரதி 1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டு வெளியே வந்ததும் கைதாகிக் கடலூர்ச் சிறையில் கிடந்ததை அவ்வளவு ருசியாகச் சொல்லமாட்டோம். ஜெயகாந்தன் என்றால் உடனே சபை, சிலும்பி, சுற்றி உட்கார்ந்திருக்கும் சீடர்கள். அவர் எங்கள் மஞ்சக்குப்பத்துக்காரர், 1934-இல் பிறந்தவர். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர், வீட்டை விட்டு விழுப்புரத்துக்கு மாமாவிடம் ஓடிப்போனவர். இன்றைய கணக்கில் சொன்னால் இடைநின்ற மாணவர், 'ரிஸ்க்'கில் உள்ள சிறுவர். அந்தப் பையனுக்கு மாமா நீட்டியது பாரதியையும் பொதுவுடைமையையும். அதன் பிறகு சென்னையில் கட்சி அலுவலகம் சோறும் வேலையும் வாசிப்பும் கொடுத்தது. அங்கிருந்த பெரியவர்கள் அவனைப் பேசவிட்டார்கள். சிலும்பி பற்றிய கதைகளைச் சொல்லும் யாரும் இந்த மாமாவைச் சொல்வதில்லை. ஆளாகி நின்றுவிட்ட ஒருவர் சபையில் புகைத்ததும், ஆளாகாத ஒருவனுக்குக் கூலியின் மிச்சமாகப் புகை கிடைப்பதும் ஒன்றல்ல. இரண்டையும் 'கலகம்' என்று ஒரே சொல்லில் எழுதிவிடும் கட்டுரைகளை மாதம் ஒன்றாவது வாசிக்கிறேன்.

இலக்கியக் கூட்டம் முடிந்ததும் இன்னொரு கூட்டம் நடக்கும், வந்து பழகியவர்களுக்குத் தெரியும். லாட்ஜ் அறை, பாலிதீன் பையில் சைடிஷ். கவிதை எழுதிக்கொண்டு முதல்முறையாக அறைக்குள் வரும் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளை ஒருவன் அநேகமாக அங்கே இருப்பான். காலையில் மேடைக்குக் கீழே அவன்தான் புத்தகம் அடுக்கினான். ராத்திரி தண்ணீர் பாட்டிலும் ஐஸும் வாங்கிவர அவனைத்தான் அனுப்புவார்கள். வாங்கிவந்து ஓரமாக நிற்பான். அன்றைக்குக் காலையில் குடிகார அப்பாவைப் பற்றி எழுதிய கதைக்குக் கைத்தட்டல் வாங்கியவர், நகர்ந்து இடம் விட்டு, "உக்காருடா தம்பி, நீயும் நம்மாளுதான்" என்று அவனுக்கும் ஒரு டம்ளர் எடுத்து வைப்பார். பாசமாகத்தான் செய்வார். அந்தப் பிள்ளை உட்காரும் இடத்திலிருந்து, அவரை அவன் எப்படிப் பார்த்தான் என்று எழுதப்பட்ட ஒரு கதையை யாராவது அனுப்பினால், முடிவு இல்லாவிட்டாலும் முதல் சுற்றிலேயே மேலே எடுத்து வைப்பேன்.